விலை சொல்லாத பிள்ளைகளும் நான்கு விஆர் கண்ணாடிகளும்

மலைப்பள்ளிக்கு விஆர் கண்ணாடி கொண்டுபோய் ஆங்கிலம் சொல்லித்தர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜனவரிக் கடைசியில், புளி உலுக்கும் சமயத்தில், ஜவ்வாது மலைக்குப் போய்வந்தேன். எங்கள் குழுவிடம் இருப்பது நான்கே கண்ணாடிகள். ஒரு பள்ளியில் ஒருநாள் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகள் பேசி மதிப்பெண் வாங்கினால் அங்கேயே விட்டுவைப்போம். இல்லையென்றால் அடிவாரப் பள்ளிக்குப் போய்விடும். இந்த விதியைப் போட்ட மகராசி நான்தான்.

காலை 6.15க்கு வேலூரில் பஸ், 7.30க்கு ஒடுகத்தூர். டிக்கெட் 35 ரூபாய். மலைக்குப் பஸ் குறைவு என்பதால் போகவர ஜீப் பேசினேன், 1,400 ரூபாய். மேலே 22 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வளைவுகளில் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் பிடித்திருந்தேன்.

"இன்னா மேடம் பொட்டில?" என்றார் டிரைவர்.

"இங்கிலீஷ்."

"அவ்ளோ கனமாவா இருக்குது!"

பள்ளியில் ஆங்கில ஆசிரியை மலர்விழி காத்திருந்தார். இந்தக் கண்ணாடிகளைக் கேட்டு மூன்று முறை கடிதம் போட்டவர். "இதுங்க நல்லாவே பேசும் மேடம். வாயத் தொறக்கத்தான் கொஞ்சம் நேரமாவும்," என்றார்.

கொஞ்சமா! கண்ணாடியை மாட்டினால் ஒரு பழக்கடை தெரியும். கடைக்காரப் பொம்மை 'என்ன வேண்டும்?' என்று ஆங்கிலத்தில் கேட்கும். பிள்ளை பதில் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் முதலில் வந்தவள் காவேரி. மாட்டினாள், கையைக் கட்டினாள், நின்றாள். பொம்மை நான்கு முறை கேட்டது. ம்ஹூம். அடுத்தடுத்து பதினொரு பேர், எல்லோரும் அதே மாதிரி. மலர்விழியின் முகம் சுண்டிப்போனது. எனக்கோ கோபம். ஆனால் வந்த வேலையை முடிக்காமல் இறங்குவதில்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன்.

சத்துணவு நேரத்தில் காவேரியிடம் நேராகவே கேட்டுவிட்டேன்: "பயமா?"

"பயம்லாம் இல்ல மிஸ். அந்தக் கடக்காரரு வெலயே சொல்லலியே. புளி எடுக்க யாவாரி வந்தா எங்க வூட்ல யாரும் மொதல்ல பேச மாட்டோம். மொதல்ல வாயத் தொறந்தா நமக்குத்தான் நஷ்டம். அவுரு சொல்ற வரிக்கும் சும்மா நிக்கணும்."

பன்னிரண்டு பேரும் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! ஆங்கிலம் வராத பிள்ளைகள் என்று தீர்ப்பு எழுதப் பார்த்தேனே என்று வெட்கமாகப் போனது.

கண்ணாடியில் இருக்கும் மென்பொருளில் பிள்ளையே கடைக்காரராக இருக்கும் பாடமும் உண்டு. நான் அதைத் திறந்ததே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் காவேரிக்கு அதைப் போட்டேன். வாங்க வந்த பொம்மை, "ஹவ் மச்?" என்றது. அவள் அசையவில்லை. மறுபடி கேட்டது.

"யூ டெல் ஃபர்ஸ்ட், சார்."

வகுப்பே சிரித்தது. விலை வராவிட்டால் பொம்மையே ஒரு குறைந்த விலையை எடுத்துக்கொடுக்கும். கொடுத்தது. காவேரிக்கு வந்ததே ரோஷம்!

"நோ சார். மை ஃப்ரூட் குட். யுவர் ரேட் நோ குட். யூ கோ."

அதன்பின் கண்ணாடிக்கு அடிபிடி. இரண்டரைக்குச் சார்ஜ் தீர்ந்தது. கண்ணாடி இல்லாமலே ஆளுக்கொரு வியாபாரியாகி ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். மலர்விழி கண்ணைத் துடைத்தார், நானும்தான். மென்பொருள் மட்டும் எல்லோருக்கும் பூஜ்யம் போட்டிருந்தது. அது எதிர்பார்த்த பதிலை ஒருவரும் சொல்லவில்லையாம்.

நீங்கள் போவதானால் பாடங்களை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள், மேலே சிக்னல் கிடைப்பது அரிது. சார்ஜ் கீழேயே முழுதாக ஏற்றுங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தலை சுற்றும். பிள்ளைகளை விற்கும் பக்கம் நிறுத்துங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், எங்கள் விதியை நான் அன்றே கிழித்துப் போட்டுவிட்டேன்.

மூன்றரைக்கு ஜீப் வந்தது. "பொட்டியக் கட்டிடவா மேடம்?" என்றார் மலர்விழி மெதுவாக. நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி, இதை எத்தனை நாள் இங்கே விடட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஒன் வீக்?" என்றேன். பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"ஒன் மன்த்?" காவேரி கையைக் கட்டிக்கொண்டாள்.

"சரி, டில் ஆனுவல் எக்ஸாம்!"

"ஓகே மிஸ்," என்றாள். "சார்ஜர் ஆல்ஸோ."