ஆள் வராத அளவு

என் அலமாரியில் இடமிருந்து மூன்றாவதாக ஒரு வெள்ளைச் சட்டை தொங்குகிறது. இதுவரை அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனதில்லை. வாங்கி வந்தபோது வயிற்றுக்கு நேரான பொத்தான் பூட்டவில்லை. தினமும் குளித்ததும் போட்டுப் பார்த்து, எவ்வளவு இடைவெளி என்று டைரியில் குறித்துவிட்டுக் கழற்றி மாட்டுகிறேன். அதைத் தைத்த கடையைப் பற்றிச் சொன்னால்தான் இந்தப் பழக்கம் விளங்கும்.

ராஜபாளையத்தில் கடைவீதியை ஒட்டிய சந்தில், இரண்டு மிஷின் போட்ட தையல்கடை அது. டெய்லர் அண்ணாச்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பிள்ளைகளில் பலர் பட்டாளத்திலும் போலீசிலும் வடக்கே தறிகளிலும் இருந்தார்கள். தீபாவளிக்கு அவர்களுடைய அம்மாக்கள் துணி எடுத்து வந்து அண்ணாச்சியிடம் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் என்று நீல அட்டை நோட்டில் அளவுகள் இருக்கும். பழைய அளவையே வைத்துத் தைக்கமாட்டார். பிள்ளைக்கு அங்கே சோறா சப்பாத்தியா என்று கேட்பார். தகப்பனின் தொந்தியை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பென்சிலால் புது அளவு எழுதுவார். பார்சலில் போன சட்டை கச்சிதமாக இருக்கிறது என்று கடிதம் வரும்.

எண்பதுகளின் பின்பாதியில் என் அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்ப் பக்கம் பிவண்டித் தறிக்குப் போனான். இரண்டாம் வருடத்தோடு கடிதம் நின்றது. தேடிப் போனவர்கள், அறையைக் காலி செய்துவிட்டான் என்ற செய்தியோடு திரும்பினார்கள். வீட்டில் அவன் பெயரை எடுக்கக்கூடாது என்றார் அப்பா. ஆனாலும் அம்மா தீபாவளிதோறும் அவனுக்குத் துணி எடுத்தாள். அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். மாலை பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டையை வாங்கி, அளவை டைரியில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். மார்பு முப்பத்தாறு. அடுத்த வருடம் முப்பத்தேழு. அதற்கடுத்து முப்பத்தேழரை. அனுப்ப முகவரி இல்லாத சட்டைகள் டிரங்குப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எதிரிலேயே பெரிய ரெடிமேட் கடை வந்தது. தீபாவளிக் கூட்டத்தில் பாதி அங்கே போனது. அண்ணாச்சியின் இரண்டாவது மிஷினுக்கு உறை போட்டாகிவிட்டது.

“பொம்மைக்கெல்லாம் சட்டை போட்டு நிறுத்திருக்காகளே அண்ணாச்சி, இனி ஒம்ம கடைக்கு யாரு வருவா?” என்று அம்மா சீண்டினாள்.

“அவிய கடைக்கு ஆள் வரணும் தாயி. எனக்கு ஆள் வரவேண்டாம்” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. அவர் சொன்னதுதான் நடந்தது. ஊரில் இல்லாத பிள்ளைகளின் அம்மாக்கள் ஒருவர்கூட எதிர்க்கடைக்குப் போகவில்லை. மூன்றாம் வருடம் மூடிக்கிடந்த ரெடிமேட் கடையின் கண்ணாடிக்குள் பொம்மைகள் மட்டும் சட்டையில்லாமல் நின்றன.

அந்த வருடம் வந்த அண்ணன் சட்டையை அம்மா விரித்தாள். மார்பு நான்கு அங்குலம் குறைந்திருந்தது. இடது தோள் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. இருவரும் உடனே கடைக்குப் போனோம்.

“வளந்த பிள்ளை குறைவானா அண்ணாச்சி?”

அவர் நோட்டைப் புரட்டி வெகுநேரம் பார்த்தார். “நாந்தான் எழுதிருக்கேன். ஏன் எழுதுனேன்னு தெரியலை தாயி. மாத்தித் தாரேன்.”

அம்மா சட்டையைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்தபடி வீடுவரை நடந்தாள். வாசலுக்கு வந்ததும் என்னிடம், “குறைஞ்சா என்னடா. அளவுன்னு ஒண்ணு இருக்குல்ல” என்றாள். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவள் கையில் இருந்த ஒரே ஆதாரம் அந்தச் சட்டைதான்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் அண்ணன் வந்து நின்றான். காசநோய் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். அதற்கு முன்பே படியில் விழுந்ததில் இடது தோள் தொங்கிவிட்டது. குளித்து வந்தவனுக்கு அம்மா பெட்டியைத் திறந்தாள். பழைய சட்டைகள் அவன்மேல் கொடியில் காய்வதுபோலத் தொங்கின. கடைசிச் சட்டை தோளில் அப்படியே அமர்ந்தது. அதுவரை ஒதுங்கி உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துவந்து பொத்தான்களைப் பூட்டிவிட்டார்.

நான் கடைக்கு ஓடினேன். அவனை எங்கேயாவது பார்த்தீர்களா, யாராவது வந்து சொன்னார்களா என்று கேட்டேன். “பாத்திருந்தா உங்கம்மாட்ட சொல்லாம இருப்பனா தம்பி?” என்றார் அண்ணாச்சி. மிஷின் ஓடவில்லை. ஆனால் அவர் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

அண்ணாச்சி காலமாகிப் பல வருடங்களாகின்றன. கடையை மகள் நடத்துகிறார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தங்கி, ரெடிமேட் போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். போன தீபாவளிக்கு ஏனோ துணி எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அவர் டேப்பை எடுக்கவில்லை. “அளவு இருக்கு அண்ணே” என்றார். வந்த சட்டை இறுக்கமாக இருந்தது. நோட்டைக் கேட்டு வாங்கினேன். எனக்கான பக்கத்தில் அண்ணாச்சியின் பென்சில் எழுத்து முடிந்த இடத்திலிருந்து மகளின் மை எழுத்து தொடர்ந்தது. நான் போகாத வருடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. நான் பருத்தபடியே அதுவும் ஏறியிருந்தது. கடைசி வரியில் மட்டும் இடுப்பு இரண்டு அங்குலம் குறைவு.

“நாந்தான் எழுதிருக்கேன்” என்றார் அவரும். “பிரிச்சுத் தைச்சுத் தரவா?”

வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

முதல் நாள் இடைவெளி மூன்று விரற்கடை. மாசியில் இரண்டு. பங்குனியில் ஒன்று. சாப்பாட்டில் நான் எதையும் குறைக்கவில்லை. இன்று காலை பொத்தான் பூட்டியது. கண்ணாடிமுன் நின்று பார்த்தேன். நல்ல தையல். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை.