வெள்ளிக்கிழமை பார்த்த வீடு

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஒற்றை அறை வாடகை வீட்டிலேயே இருந்த எங்களுக்கு, ஆம்பூரில் ஒரு வீடு விலைக்கு வருவதாகத் தெரிந்தது. நான் மருத்துவமனையில் நர்ஸ். ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக் கணவரோடு போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, காற்றோட்டமான சமையலறை, பின்னால் கிணறு. தையல் மெஷினை எந்த ஜன்னலோரம் போடுவது என்பதுவரை மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

தாகமாக இருந்ததால் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டேன். செம்பை நீட்டிய அம்மாள், "இது ரெண்டு தெரு தள்ளிப் போய் எடுத்தாந்த தண்ணிம்மா. இங்க கிணத்துத் தண்ணிய வாயில வெக்க முடியாது, உப்பு ஜாஸ்தி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தோல் பதப்படுத்துற டேனரிக்கு லீவு, அதான் வாடை இல்ல. நாளைக்கு வந்து பாரு" என்றார்.

மறுநாள் போனோம். தெருமுனையிலேயே தோல் ஊறும் நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கிணற்று நீர் பழுப்பாக இருந்தது.

"வேணாம், வா போலாம்" என்றார் கணவர். பஸ் ஏறும்வரை அந்த வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் டேனரி ஓடும் நாளில்தான் வீடு பார்க்கப் போகிறேன். அக்கம்பக்கத்தில் விசாரித்து, கிணற்றுத் தண்ணீரையும் பார்த்த பிறகே உள்ளே நுழைகிறேன். அறைகளை முதலில் பார்த்துவிட்டால், என் மனம் அங்கேயே குடியேறிவிடும்.