ஐரிஷ் மேடமும் கேம்ப் பஸ்ஸும்

துபாயில் நடந்த ஒரு சின்ன டென்னிஸ் போட்டிக்கு நான் வேன் டிரைவர். அயர்லாந்திலிருந்து ஒரு வீராங்கனை வருகிறார், ஏர்போர்ட்டில் ஏற்றிவா என்றார்கள். பெட்டி தூக்க ஒருத்தன், குடை பிடிக்க ஒருத்தன் என்று ஒரு படையே வரும் என ஏசியைக் கூட்டிவைத்துக் காத்திருந்தேன். வந்தது ஒற்றை ஆள். மூன்று பையையும் தானே சுமந்து வந்தார். தங்கியது பழைய துபாயின் தேராவில், ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி வாங்கும் கடைக்கு மேலே இருந்த ஓட்டலில். மறுநாள் காலை போய் நிற்கிறேன், ஜன்னலில் சாக்ஸ் காய்கிறது. எங்கள் லேபர் கேம்ப் ஜன்னலுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அந்த சாக்ஸ் வெள்ளை.

மேடத்தின் ஆங்கிலம் பாட்டு மாதிரி மேலே ஏறிக் கீழே இறங்கும். என் ஆங்கிலத்தில் வினைச்சொல்லே கிடையாது. எப்படியோ வண்டி ஓடியது. இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"மேடம், உலகத்துல நீங்க எத்தனாவது?"

சொன்னார். மூன்று இலக்கம்.

"பத்தாம் கிளாஸ்ல நான் வாங்குன மொத்த மார்க்கைவிட அதிகம் மேடம்."

சிரித்துவிட்டார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். போன வருஷம் இதே ஊரில் ஜெயித்து எடுத்த பாயிண்ட் எல்லாம் இந்த வாரத்தோடு காலாவதியாம். இங்கே ஒரு ஆட்டமாவது ஜெயித்தால்தான் அடுத்து வரும் பெரிய போட்டியில் கால் வைக்க முடியும். தோற்றால் ஊருக்குத் திரும்பி, மழை விட்ட நேரமாகப் பார்த்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது விளையாட்டே இல்லை, விசா ரின்யூவல்.

அன்று சாயங்காலம் ரூமில் சொன்னேன். என் மேல்கட்டில் அண்ணன் கன்னியாகுமரிக் கடற்கரை ஆள். ஊரில் மீன் பிடித்தவர், இங்கே ஏசி மெக்கானிக். விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

"லேய், அயர்லாந்தா? எம் பொண்டாட்டி அங்க நர்சு வேலைக்குப் பரீட்சை எழுதிருக்கால்லா! அப்போ அது நாளைக்கு நம்ம நாடாக்கும். அந்தப் பிள்ளைய நாம விட்டுரக் கூடாது மக்கா."

அவர் விடாமல் இருக்க வசதியாக ஒன்று நடந்தது. எங்கள் கம்பெனியின் கட்டிட சைட்டில் சாமான் வராமல் வேலை நின்றிருந்தது. கேலரி காலியாக இருந்தால் போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று போட்டிக்காரர்கள் ஆள் கேட்க, எங்கள் சூப்பர்வைசர் ஒரு பஸ் நிறைய ஆட்களை அனுப்பிவைத்தார். தலைக்கு ஒரு மஞ்சள் தொப்பி, ஒரு ஜூஸ். கை தட்டுவதும் டியூட்டிக் கணக்குதான். கல்ஃபில் நான் பார்த்த நல்ல டியூட்டி அது ஒன்றுதான்.

எதிராளி ஒரு சின்னப் பெண். அப்பா, அம்மா, கோச், கால் பிடித்துவிட ஒருவர் என்று பின்னால் ஒரு அமைச்சரவையே உட்கார்ந்திருந்தது. மேடத்துக்கு நாங்கள்.

மேடம் பந்தை மேலே தூக்கிப் போட்டார். அது காற்றில் இருக்கும்போதே அண்ணன் எழுந்து, "போடு பிள்ளே!" என்று வலை இழுக்கும் குரலில் கத்தினார். பந்து நெட்டில். கேலரி முழுக்கக் கைதட்டல். மறுபடி தூக்கினார், மறுபடி "போடு பிள்ளே!", மறுபடி நெட். கைதட்டல் இன்னும் பலம். நடுவர் அமைதி, அமைதி என்றார்.

"அண்ணே, கத்தக் கூடாதாம்."

"இது என்னல கொடுமை? மாதா கோயில் பூசையிலகூட நாங்க சத்தமா பாடுவோம். இவரு அதவிடப் பெரிய சாமியாரா?"

முதல் செட் போய்விட்டது. மேடம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். துண்டுக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது. நான் வேன் சாவியை ஆராய்ந்தேன்.

இரண்டாவது செட்டிலும் பின்தங்கியிருந்த நேரத்தில் கேம்ப் பஸ் டிரைவர் வாசலில் வந்து நின்றார்.

"யல்லா, யல்லா! மெஸ் பந்த் ஹோ ஜாயேகா!"

மெஸ் மூடிவிடும் என்றால் எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்கும் விசுவாசமாக இருக்க மாட்டார்கள். மொத்த மஞ்சள் தொப்பியும் எழுந்தது. இப்போது நகரக் கூடாது என்று நடுவர் உட்காரவைத்தார். ஆட்டக்காரர்கள் இடம் மாறும் நேரம் வந்ததும், சர்ச்சில் நன்மை அப்பம் வாங்கப் போகிற வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். அண்ணன் கடைசியாகப் போனார், கண்ணில் தண்ணீரோடு.

"லேய், நீயாவது கத்துடே."

நான் கத்தவில்லை. இருமல்கூட வந்தது, விழுங்கிவிட்டேன். மேடம் காலிக் கேலரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்துத் தன் வீட்டுக்குள் நுழைந்தவர் மாதிரி தோளை இறக்கினார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக யாருமில்லாத கேலரி முன்னால் ஆடிய கை அது. பந்து கோட்டைத் தொட்டுத் தொட்டு விழுந்தது. அந்த செட், அடுத்த செட், இரண்டும் அவருக்கே. அமைச்சரவை கலைந்தது.

வேனில் ஏறியதும் கேட்டார். "உன் ஆளுங்க எங்க போனாங்க?"

"மெஸ் மூடிருவாங்க மேடம்."

"ரொம்ப நல்ல மெஸ்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். விசா அடித்தாயிற்று, பெரிய போட்டிக்குப் போகலாம் என்றேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"நான் சொன்னம்லா! எல்லாம் நாங்க போட்ட சத்தமாக்கும்! நாளைக்குப் பாரு!"

நிறைந்த கேலரி போட்டோ சூப்பர்வைசருக்கும் பிடித்துப்போயிற்று. மறுநாள் இரண்டாவது ஆட்டத்துக்கு மேடத்தை இறக்க வேனைத் திருப்புகிறேன், பார்க்கிங்கில் இரண்டு பஸ். மஞ்சள் தொப்பிகளுக்கு நடுவே அண்ணன், இடுப்பில் ஒரு தகர டிரம்மைக் கட்டிக்கொண்டு கையசைக்கிறார்.

மேடம் கொஞ்ச நேரம் அந்த டிரம்மையே பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

"அஞ்சு மணிக்கு மேடம்."

"சரி. அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கிறேன்."