தாங்கிப் பிடித்த கை

பிள்ளையைத் தொடாமல் நீச்சல் கற்றுக்கொடுக்க முடியாது. வயிற்றுக்கு அடியில் ஒரு கை வேண்டும், முகவாய்க்குக் கீழே இன்னொன்று. சில நாள் போனதும், பிள்ளைக்கே தெரியாமல் அந்தக் கைகளை எடுத்துவிட வேண்டும். வடிவேல் செய்தது அதைத்தான்.

முதலியார்பேட்டைக்காரர். மில் மூடும்வரை நூல் பிரிவில் இருந்தார். அப்புறம் தேங்காய்த்திட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில், படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. வயது அறுபதை நெருங்குகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், அவர் தெருவைச் சேர்ந்த அண்ணனும் தங்கையும் ஏரியில் மூழ்கிச் செத்தார்கள். முங்கித் தேடி அந்தப் பெண்ணைத் தூக்கிவந்து கரையில் போட்டவர் வடிவேல். அடுத்த கோடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே புருஷோத்தமனின் நிலத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பம்புசெட்டுக்குப் பக்கத்தில் பெரிய தொட்டி ஒன்று இருந்தது. பெற்றவர்கள் யாராவது கூட வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம். காசு வாங்கியதில்லை. பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். மில்லிலும் சரி, ஐஸ் கம்பெனியிலும் சரி, யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

போன வருஷம் வெயில் தொடங்கும் நேரத்தில் வேறொரு ஊரில் ஒரு சின்னப் பெண்ணை நாசம் செய்து கொன்றுவிட்டார்கள். டி.வி.யில் இரவும் பகலும் அதே செய்தி. வடிவேலின் மனைவி செல்வாம்பாள் அந்தப் பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்தாள். கடற்கரைச் சாலையில் மெழுகுவத்தி ஊர்வலம் நடந்தது. வடிவேலும் போனார். "தூக்குல போடு" என்று மற்றவர்களோடு சேர்ந்து தொண்டை கட்டும்வரை கத்தினார். அந்தக் கோபத்தில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு, புருஷோத்தமனின் நிலத்தை ஒட்டிப் போட்டிருந்த மனைகளைப் பார்க்க வினோத்குமார் வந்தான். முதலியார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவன். ஏரியா செய்திகள் என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கமும் நடத்துகிறான். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தான். வெற்றுடம்போடு வயசான ஆள், தண்ணீரில் ஒரு பெண் பிள்ளை, அதன் வயிற்றில் அவர் கை. போனை எடுத்துப் பிடித்தான்.

அந்தப் பெண் பூவிழி, ஒன்பது வயது. அவளுடைய அம்மா சிவசங்கரி தொட்டிச் சுவர்மேல் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். படத்தில் அவள் விழவில்லை.

'பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே உஷார்' என்று போட்டு அந்த வீடியோவைத் தன் பக்கத்தில் ஏற்றினான் வினோத்குமார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் வடிவேல் வீட்டு வாசலில் கூட்டம். பாதிப் பேர் தெரியாத முகங்கள். தெரிந்த முகங்களும் இருந்தன. அதில் இரண்டு பேருடைய பிள்ளைகளுக்கு அவர்தான் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். யாரோ எறிந்த கல் ஜன்னலை உடைத்தது. போலீஸ் வந்து, "உங்க பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி அவரை ஜீப்பில் ஏற்றியது.

ஸ்டேஷனில் அவருடைய போனை வாங்கிப் பார்த்தார் எஸ்.ஐ. தொட்டியில் பிள்ளைகள் நீந்தும் படங்கள் நிறைய இருந்தன.

"எதுக்குய்யா இத்தினி கொழந்தைங்க போட்டோ?"

"அவுங்க அம்மா அப்பாதான் சார் எடுத்து அனுப்பனாங்க. நல்லா நீந்துதுன்னு."

"அழிக்காம ஏன் வச்சிருக்க?"

சந்தோஷத்தில் வைத்திருந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று முதல்முறையாக யோசித்தார்.

மறுநாள் செல்வாம்பாள் வந்தாள்.

"இன்னா கேஸுங்க?"

"கேஸ் ஒண்ணும் இல்லம்மா. யாரும் புகார் குடுக்கல."

"அப்ப ஊட்டுக்கு அனுப்புங்க."

"வெளிய நிக்கற கூட்டத்தப் பாத்தீங்களா?"

"அப்ப கூட்டத்த அனுப்புங்க."

எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தார். கெட்டவர் இல்லை. மேலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது; டி.வி.க்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஒரு ஆளை உள்ளே வைத்திருக்கிற வரைக்கும் யாரும் எஸ்.ஐ.யை ஒன்றும் கேட்கப்போவதில்லை.

சிவசங்கரியும் வந்தாள். "நான் அங்கியேதான் சார் உக்காந்திருந்தேன். என் பொண்ணுதான் அது. மாஸ்டர் ஒண்ணும் பண்ணல. எழுதிக்குங்க."

"எழுதிக்கறேம்மா. அப்பறம் உன் பேரு, பொண்ணு பேரு, ஸ்கூல் எல்லாம் வெளிய வரும். பெத்தவளே பாத்துக்கினு இருந்தாளான்னு உன்னத்தான் மொதல்ல கேப்பாங்க. பரவால்லியா?"

அவள் கணவன் இனியவன் வாசலிலிருந்து உள்ளே வந்தான். "வா சிவசங்கரி, போலாம்" என்று கையைப் பிடித்தான். அவள் வடிவேலைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர், போ என்று தலையை அசைத்தார். அவள் போய்விட்டாள். அவள் சொன்னதை யாரும் எழுதவில்லை.

இரண்டு ராத்திரி அந்த பெஞ்சில் இருந்தார். மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்கள். இனிமேல் எந்தக் குழந்தைக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும்.

"நான் தப்புப் பண்ணேன்னு ஆயிடும் சார்."

"தப்புன்னு எங்கியும் எழுதலியே. ஊரு அமைதிக்காகன்னுதான் போட்டிருக்கு. கையெழுத்துப் போட்டா இப்பவே கெளம்பலாம்."

வாசலில் செல்வாம்பாள் வெயிலில் நின்றிருந்தாள். போட்டார்.

மைனர் பெண்ணின் முகம் தெரிகிறது என்று போலீஸ் சொன்னதும் வினோத்குமார் வீடியோவை எடுத்துவிட்டான். அதற்குப் பதிலாக, 'மக்கள் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி' என்று புதிதாக ஒன்று போட்டான். ஒரு வாரம் கழித்து வடிவேல் அவன் கடைக்குப் போனார்.

"நீங்க கெட்டவருன்னு நான் எங்கண்ணே சொன்னேன்? உஷாரா இருங்கன்னுதான் போட்டேன். எனக்கும் பொண்ணு இருக்கு" என்றான். பயந்தது நிஜம்தான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சண்டை போடலாம் என்று போனவர் அப்படியே திரும்பி வந்தார்.

ஐஸ் கம்பெனியில் வேலை போகவில்லை. ஆனால் மீன் ஏலத்துக்கு வரும் பெண்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்தால் ஐஸ் பக்கம் விடுவதில்லை. லாஸ்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் சுமலதா அடுத்த மாதம் வந்தாள். தனியாக வந்தாள்.

"பாப்பா எங்க?"

"அவரு ஊட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்கப்பா. எனக்குத் தெரியும், உன்னப் பத்தி. கொஞ்ச நாளு போவட்டும்."

"கொஞ்ச நாளுன்னா?"

சுமலதா காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். பேத்திக்கு மூன்று வயது. வடிவேல் அதற்கப்புறம் கேட்கவில்லை. போனில் அந்தக் குழந்தையின் குரல் வந்தால் மட்டும் செல்வாம்பாளிடம் கொடுத்துவிடுவார்.

புருஷோத்தமன் தொட்டியைச் சுற்றிக் கம்பிவலை போட்டுவிட்டார். வேறு யாரும் சொல்லிக்கொடுக்க வரவில்லை. அந்த ஆளுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எதற்கு என்று நீந்தத் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஆறு மாதம் கழித்து, முதலியார்பேட்டை மார்க்கெட்டில் கீரைக் கடை முன்னால் வடிவேல் நின்றிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "மாஸ்டர்! மாஸ்டர்!" பூவிழி. பள்ளிச் சீருடையோடு, அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தாள். சிவசங்கரி தடுக்கவில்லை. அவள் முகத்தில்கூட ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

வடிவேல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். யார் யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். கீரையை வாங்காமல், மறுபக்கம் வழியில்லாத ஒரு சந்துக்குள் வேகமாக நுழைந்துவிட்டார். சாக்கடை ஓரத்தில் நின்று, குரல் ஓய்கிறவரை காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். செல்வாம்பாளுக்குக் கோபம் வந்தது.

"அந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணுச்சு? மாஸ்டருக்கு நம்ம மேல கோவம்னு நெனச்சுக்கும்."

"நெனச்சுக்கட்டும்" என்றார் வடிவேல்.