மீசை சொன்னால் லிஃப்ட் ஓடும்

லிஃப்ட் நின்றுபோனால் மனிதர்கள் மெக்கானிக்கைத் தேடுவதில்லை. மெக்கானிக் மாதிரி இருக்கும் ஒருவரைத் தேடுகிறார்கள். இந்த வித்தியாசம் புரிய அக்காவுக்கு ஏழு வருடம் பிடித்தது.

கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்காதான். வயது நாற்பத்து மூன்று. லிஃப்ட் பழுது பார்ப்பதில் பதினேழு வருட அனுபவம். மோட்டார் போடும் சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஆரம்ப காலத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "மெக்கானிக் எப்போ வருவாரு?"

"நான்தாங்க."

"சரி, அவர் வர்ற வரைக்கும் அப்படி உட்காருங்க."

அக்காவின் அம்மா முப்பது வருடம் வீட்டில் தையல் மெஷின் மிதித்தவர். எந்தப் படிவத்திலும் 'தொழில்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். மகள் அதே இடத்தில் 'லிஃப்ட் மெக்கானிக்' என்று எழுதினார். படிவத்தை வாங்கியவர், "வீட்டுக்காரர் தொழில் இல்லம்மா, உங்க தொழிலை எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். காலம் மாறவே இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. கோட்டிலிருந்து சந்தேகம் வரை வந்திருக்கிறோம்.

அப்புறம்தான் மீசை வந்து சேர்ந்தார், பை தூக்கும் வேலைக்கு. மூடிப்போன ஆலையொன்றில் வாட்ச்மேனாக இருந்தவர். பட்டனை அழுத்தினால் லிஃப்ட் வரும் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் மூக்குக்குக் கீழே இருபது வருடமாக வளர்த்த சொத்து ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் குடியிருப்புச் செயலாளர்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அக்கா அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்துவிட்டார். மொட்டை மாடி மெஷின் ரூமில் அவர் பழுதைக் கண்டுபிடிப்பார். மீசை கீழே இறங்கிப் போய் அறிவிப்பார்: "ரிலே போயிடுச்சு சார். கஷ்டம்தான், பார்த்துடலாம்." இதில் 'கஷ்டம்தான்' மட்டும் மீசையின் சொந்தச் சரக்கு.

பத்து வருடம் இப்படியே வண்டி ஓடியது. சமீபத்தில் சூப்பர்வைசர் பதவி காலியானது. அக்காவின் முழங்கால் ஏணி ஏற மறுக்க ஆரம்பித்திருந்ததால், அந்த நாற்காலி அவருக்கு ஆசை இல்லை, தேவை. புதிதாக வந்திருந்த மேனேஜரோ யாரையும் பார்க்காமல் கட்டடங்களுக்குக் கருத்துப் படிவம் அனுப்பினார். இருபத்திரண்டில் பத்தொன்பது, 'பெரிய மெக்கானிக் ஐயா'வைப் புகழ்ந்தன. ஒன்றில் மட்டும், 'கூட வரும் அம்மாவும் நல்ல மாதிரி, தொந்தரவு இல்லை' என்றிருந்தது.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு மீசைக்குக் கை கொடுத்தார். மீசை பதறிப்போனார்.

"சார், ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகணும்னே எனக்கு இவங்க சொன்னாத்தான் தெரியும்."

"பார்த்தீங்களா அடக்கத்தை? இதான் தலைமைக்கு வேணும்."

அக்கா குறுக்கிட்டார். "சார், பழுது பார்க்கிறது நான்."

"இருக்கலாம்மா. ஆனா எழுத்துல இல்லையே. அடுத்த மாசம் இன்னொரு தடவை படிவம் அனுப்பறேன். அதுதான் முடிவு."

மறுநாள் முதல் இடம் மாறிக்கொண்டார்கள். பழுதைக் கண்டுபிடித்ததும் மீசையை மெஷின் ரூமிலேயே நிறுத்திவிட்டு அக்கா கீழே வந்தார். "பிரேக் தேஞ்சு போச்சு சார், மாத்தணும்."

செயலாளர் தலையைச் சொறிந்தார். "மேல ஐயா என்ன சொல்றாரு?"

அக்கா லிஃப்ட் கதவைத் திறந்து, குழிக்குள் முகத்தை நீட்டி மேல்நோக்கிக் கத்தினார். "அண்ணே, என்ன சொல்றீங்க?"

மேலிருந்து குரல் வந்தது. "அவங்க சொல்றதைத்தான் நானும் சொல்றேன்!"

"அவரே சொல்லிட்டாரு, அப்போ சரி" என்று செயலாளர் நிம்மதியாகப் போனார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்த மீசையைப் பார்த்ததும் அக்காவின் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. மீசையைக் காணோம். அதாவது ஆள் இருந்தார்.

"என்னண்ணே இது?"

"அதனால வந்த வினைதானே தங்கச்சி. போனா போகுது. ஆனா வீட்ல கதவைத் திறந்துட்டு, 'யாருங்க வேணும்'னு கேட்டா பாரு, அதான் தாங்கல."

அதன்பிறகு எந்தக் கட்டடமும் அவரை அடையாளம் காணவில்லை. "பெரிய ஐயா வரலையா?" என்று அவரிடமே கேட்டார்கள். "அவரா? அவர் இனிமே வரமாட்டாருங்க. இவங்கதான் மெக்கானிக்" என்று பையை இறக்கி வைத்தார். அவர்களும் வேறு வழியில்லாமல் அக்கா சொல்வதைக் கேட்டார்கள். கேட்கக் கேட்கப் பழகிப்போனது.

அடுத்த மாதப் படிவங்களில் பதினேழு, 'புது மெக்கானிக் அம்மா'வைப் புகழ்ந்தன. பழையவரை விட வேகமாம். இருக்காதா, மாடி ஏறி இறங்கிச் சேதி சொல்லும் நேரம் மிச்சம்தானே. பிரேக் விஷயத்தில் நிம்மதியடைந்த அதே செயலாளர், 'பழையவருக்கு அனுபவம் போதாது என்று எனக்கு அப்போதே தோன்றியது' என்று எழுதியிருந்தார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "இவங்க எப்போ சேர்ந்தாங்க?"

"பதினேழு வருஷம் ஆச்சு சார்" என்றார் மீசை.

"நீங்க யாரு?"

அக்காவுக்குச் சூப்பர்வைசர் உத்தரவு வந்தது. ஏணி ஏற வேறொருவர் வந்துவிட்டார். உத்தரவை மீசைதான் முதலில் வாங்கிப் பார்த்தார். பிறகு மேலுதட்டைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, இனிமே வளர்த்துக்கலாமா?"

அக்கா உத்தரவின் கடைசி வரியை விரலால் காட்டினார். சோதனைக் காலம் ஆறு மாதம் என்றிருந்தது.

"முடியட்டும்ணே."