இறுக்கித் தைத்த சுவர்

பெரியவளுக்குத் தலைக்கு மேலேயே ஓரகத்தி குடியிருந்தாள். ஒரே வீட்டில் கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். மேலே நாற்காலி நகர்ந்தால் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெரியவளின் கை தட்டிலேயே நின்றுவிடும். “நடக்கிறாளா, நாட்டியம் ஆடுறாளா?” என்று கூரையைப் பார்த்துக் கேட்பாள். வீட்டுக்காரர் பதில் சொல்வதில்லை. தம்பி பெண்டாட்டி விஷயத்தில் எந்தப் பக்கம் பேசினாலும் அடி தனக்குத்தான் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்ட மனுஷர்.

வீட்டோடு முடிந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். பட்டறைக்குப் போனால் அங்கேயும் அவள்தான்.

கண்காட்சிகளுக்கு ஸ்டால் போட்டுக் கொடுக்கும் பட்டறை அது. பெரிய அரங்கத்தில் மூன்று நாள் கடை விரிக்க வரும் கம்பெனிகளுக்குச் சுவரும் மேடையும் விளக்கும் செய்து கொடுப்பார்கள். மூன்று நாள் முடிந்ததும் அதே ஆட்கள் சுத்தியலோடு போய் எல்லாவற்றையும் உடைத்துக் குப்பை லாரியில் ஏற்றுவார்கள். பெரியவளுக்கு ஜன்னலோரத்துத் தையல் மெஷின். படம் அச்சடித்த துணி சுருள் சுருளாக வரும். அதை அளந்து வெட்டி, ஓரம் முழுக்க ஒல்லியான ரப்பர் பட்டை வைத்துத் தைப்பாள். அந்தப் பட்டையை அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் விரலால் அழுத்திச் செருகினால் துணி சுவராகிவிடும். பட்டறையில் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர். மெஷினை வைத்து வந்த பெயரா, நாக்கை வைத்து வந்ததா என்று யாரும் அவளிடம் கேட்டுப் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. சுவரைத் தட்டினால் சத்தம் வர வேண்டும். சட்டத்தின் அளவை விடத் துணியைச் சற்றுக் குறைத்து வெட்டுவது எல்லாரும் செய்வதுதான். இவள் இன்னும் ஒரு இழுப்புக் குறைப்பாள். மாட்டுகிற ஆட்களுக்கு விரல் நுனி சிவந்துவிடும். ஆனால் மாட்டி முடித்தபின் ஒரு சுருக்கம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று நாள் கழித்து அந்தத் துணியைக் கத்தியால் கிழிக்கத்தான் போகிறார்கள். அதற்குள் சட்டத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

சின்னவளைப் பட்டறையில் சேர்த்துவிட்டதே இவள்தான். வயிற்றெரிச்சலில் பாதி அதுதான். “வீட்ல சும்மாதான் இருக்கா, சாமான் கட்டவாவது வரட்டுமே” என்று முதலாளியிடம் தன் வாயால் சொல்லியிருந்தாள். சின்னவளும் வந்தாள், ஒட்டும் டேப்புச் சுருளை வளையல் மாதிரிக் கையில் மாட்டிக்கொண்டு, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் வேலை பார்த்தாள். சத்தமில்லாதவர்களைக் கண்டால் பெரியவளுக்கு எப்போதுமே ஒரு பயம்.

பயந்தது வீண் போகவில்லை. தண்ணீர்ப் பம்பு செய்கிற கம்பெனி ஒன்று வந்தது. ஒவ்வொரு கண்காட்சிக்கும் புது ஸ்டால் கட்டி உடைத்து அவர்களுக்கு அலுத்துவிட்டதாம். ஒரே ஸ்டால், ஊர் ஊராகப் போக வேண்டும், ஒவ்வொரு ஊரிலும் புதிதாகத் தெரிய வேண்டும் என்றார்கள். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வைத்து யோசனை கேட்டார். பெரியவளிடம் சொல்ல விஷயம் இருந்தது. முதலில் மற்றவர்கள் உளறி முடிக்கட்டும், அப்புறம் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

அந்த இடைவெளியில் சின்னவள் பேசிவிட்டாள். கண்காட்சியின் பெயரையும் தேதியையும் பெரிய துணியில் அச்சடிக்க வேண்டாம், அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பட்டை இருந்தால் போதும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். சுவரைச் சின்னச் சின்னச் சட்டங்களாகப் பிரித்துவிட்டால் பெரிய இடம் கிடைத்த ஊரில் எல்லாவற்றையும் நிறுத்தலாம், சின்ன இடமென்றால் பாதியை நிறுத்தலாம் என்றாள். கடைசியில் மாட்டுவதைப் பெட்டியின் அடியில் வைத்தால் எடுக்கும்போதே வேலை வரிசையாக வரும் என்றாள். இவ்வளவையும் டேப்பின் முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

முதலாளி நாற்காலியையே அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். “இத்தனை நாள் எங்கம்மா இருந்தே?”

“எங்க வீட்டு மாடியிலதான் இருந்தா” என்றாள் பெரியவள். எல்லாரும் சிரித்தார்கள். சொன்னவள் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அதோடு விட்டாரா முதலாளி? இந்த ஸ்டாலோடு பட்டறையிலிருந்து ஒருவர் ஊர் ஊராகப் போக வேண்டும் என்றார். நிறுத்தவும் பார்த்துக்கொள்ளவும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரவும் ஆள் வேண்டும். முதல் இரண்டு கண்காட்சியும் பக்கத்திலேயே நடக்கின்றன, அவை முடியட்டும், யார் என்று அப்புறம் சொல்கிறேன் என்றார்.

பெரியவளுக்கு அன்றைக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட காரணம் விமானமும் இல்லை, விடுதி அறையும் இல்லை. அவள் தைத்த சுவர்கள் போகாத ஊர் கிடையாது. ஆனால் விளக்கெல்லாம் எரிந்து, ஜனங்கள் வந்து நிற்கும்போது தன் சுவர் எப்படி இருக்கும் என்று அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கதவு திறக்கும் முன்பே பட்டறை ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். இது தனக்கு வர வேண்டிய வேலை. நேற்று வந்தவள் தட்டிக்கொண்டு போவதா?

மறுநாள் சின்னவள் மெஷின் பக்கம் வந்து நின்றாள். “அக்கா, துணியைக் கொஞ்சம் தளர்வா விட்டா என்ன? இது ரொம்ப நாள் நிக்கணுமே.”

“தையலைச் சொல்லிக் கொடுக்க மாடியிலேருந்து இறங்கி வந்தியா? போய்ப் பெட்டியைக் கட்டு.”

சின்னவள் போய்ப் பெட்டியைக் கட்டினாள். பெரியவள் கத்தரியை எடுத்தாள். வழக்கமாகக் குறைப்பதற்கும் மேலே இன்னொரு நகக்கண் அளவு குறைத்து வெட்டினாள்.

முதல் கண்காட்சியில் அந்தச் சுவர் கண்ணாடி மாதிரி நின்றது. பம்பு கம்பெனியின் மேலாளர் வந்து விரலால் தட்டிப் பார்த்தாராம், டும் என்றதாம். முதலாளி திரும்பி வந்து சொன்னபோது, மாடிக்குக் கேட்கிற மாதிரி வீட்டில் அதை எந்த நேரத்தில் சொல்லலாம் என்று பெரியவள் திட்டம் போட்டாள். ஸ்டாலைக் கழற்றினார்கள். அடுத்த தடவை வேலை குறையுமே என்று, துணியை உருவாமல் சட்டத்தோடு அப்படியே வைக்கச் சொன்னார் முதலாளி. சின்னவள் ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவில் பஞ்சு மெத்தை கொடுத்துப் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மரப்பெட்டியில் இறக்கினாள். பெட்டிகள் பல வாரம் கிடங்கில் கிடந்தன.

இரண்டாவது கண்காட்சிக்குப் பட்டறையே திரண்டு போனது. சட்டங்களை நிறுத்தி ஒன்றோடு ஒன்று சேர்த்தார்கள். மேலே சேர்ந்தது, கீழே சேர்ந்தது, நடுவில் சேரவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் விரல் நுழையும் இடைவெளி. ஸ்டாலுக்குள் தடுத்த சின்னச் சாமான் அறையின் கதவு மூடமாட்டேன் என்றது. மறுநாள் காலையில் கண்காட்சி.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. “பெட்டியில அடைச்சது யாரு?”

கேட்கவே வேண்டாம். எல்லாக் கண்களும் சின்னவள் மேல் போயின. “நான்தான் முதலாளி” என்றாள் அவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தச் சுகத்தோடு, ஏதோ உதவி செய்கிற மாதிரி, பக்கத்துச் சட்டத்தின் மேல் கையை ஓட்டினாள். ஓடின கை நின்றது. எங்கேயாவது இடிபட்டிருந்தால் ஒரு இடம் நசுங்கியிருக்கும். இது அப்படி இல்லை. நான்கு பக்கமும் நடுவில் உள்வாங்கியிருந்தது, பசியெடுத்த வயிறு மாதிரி. அடுத்த சட்டமும் அப்படியே, அதற்கடுத்ததும். பெட்டிக்குள் கிடந்த இத்தனை வாரமும் துணி சட்டத்தை விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று நாளில் கிழிபடும் சுவர் காட்டாத குணத்தை இது காட்டிவிட்டது.

நிமிர்ந்தாள். சின்னவளும் அதே சட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இவளைப் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சும்மா இருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். பழி அங்கே, பயணம் இங்கே. பெரியவள் சும்மாதான் இருந்திருப்பாள். பின்னால் ஏணியில் நின்ற எலக்ட்ரீஷியன் இன்னொருவனிடம் முணுமுணுத்தது காதில் விழுந்திருக்காவிட்டால். “பாவம்டா, அந்தப் பொண்ணு வாயைத் திறக்குதா பாரு. தங்கம்.”

தங்கமாமே. யோசனைக்காரி என்ற பேர் ஏற்கெனவே போயாகிவிட்டது. வேலை தெரிந்தவள் என்ற பேரும் போயாகிவிட்டது. இப்போது பொறுமைசாலி என்ற பேரையும் அவளே அள்ளிக்கொண்டு போக வேண்டுமா? அதுவும் யாருடைய தப்பில்? இனி ஆயுசு முழுக்க அவள் மாடியில் நடக்கும் ஒவ்வொரு அடியும், உன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டேனே என்று தலையில் இறங்கும். அதைக் கேட்டுக்கொண்டு கீழே சாப்பிட முடியுமா?

“அவ பெட்டி கட்டினதுல ஒரு குத்தமும் இல்ல” என்றாள் பெரியவள். அரங்கமே திரும்பிப் பார்க்கும் குரல். “என் தையல் இறுக்கம். சட்டத்தை இழுத்து வளைச்சிருக்கு. அது இவளுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு நிக்கிறா, நல்லவளாட்டம்.”

முதலாளிக்கு யாரை முறைப்பது என்று தெரியவில்லை. சின்னவளைப் பார்த்து, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொல்லிட்டு எங்க முதலாளி போறது? சாயந்தரம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தானே போகணும்” என்றாள் சின்னவள்.

ஏணி மேலிருந்தவன் சிரித்துவிட்டான். பெரியவள் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்புறம் எல்லாத் துணியையும் உருவினார்கள். சட்டங்களுக்குள் மரக்கட்டையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினார்கள். பெரியவள் கைமெஷினோடு தரையில் உட்கார்ந்து ரப்பர் பட்டையைப் பிரித்து, ஓரத்தில் துண்டுத்துணி கொடுத்துத் தளர்த்தித் தைத்தாள். துணிகளைச் சின்னவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருட்டுவதற்கு முன் சாமான் அறைக் கதவு மூடியது.

கண்காட்சி முடிந்ததும் முதலாளி தன் முடிவைச் சொன்னார். இனிமேல் ஒவ்வொரு ஊரிலும் துணியை உருவி மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும், அடுத்த ஊரில் மறுபடி மாட்ட வேண்டும், தொய்ந்தால் பிடிக்க வேண்டும், இறுகினால் விட வேண்டும். தையல் தெரிந்த ஆள் இல்லாமல் இந்த ஸ்டால் நகராது. ஆகவே பெரியவளே போகட்டும்.

தன் தப்பாலேயே தனக்கு வேலை கிடைத்த கூத்தை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னவள் “சரி முதலாளி” என்றாள். அன்று சாயந்தரம் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி நகரவில்லை. பெரியவள் கூரையைப் பார்த்துப் பார்த்துக் களைத்தாள். சத்தம் வந்தால் ஒரு எரிச்சல், வராவிட்டால் அதைவிட எரிச்சல்.

மூன்றாவது கண்காட்சி விமானத்தில் போக வேண்டிய ஊரில். பெட்டிகள் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தன. உதவிக்கு வந்த உள்ளூர் ஆட்கள் முன்பின் தெரியாதவர்கள், அவர்கள் பாஷையும் அரைகுறையாகத்தான் புரிந்தது. என்னென்ன காணாமல் போயிருக்கிறதோ என்ற பதற்றத்தோடு முதல் பெட்டியைத் திறந்தாள். மேலேயே சட்டத்தின் திருகாணிகளை முடுக்கும் ஆலன் கீ, ஒரு கயிற்றில் கட்டி. அதன் கீழே தரைச் சட்டம். அது முடிந்ததும் மூலைத் தூண்கள். தேடவே வேண்டியதில்லை, கை நீட்டினால் அடுத்து வேண்டியது வந்தது. உள்ளூர் ஆட்கள் வாயால் பேசாமலே வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து ஸ்டாலில் பெட்டியெல்லாம் கவிழ்த்துப் போட்டு எதையோ தேடிக்கொண்டிருந்த ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். இவ்வளவு அழகாக அடுக்கியது யார் என்று சைகையும் பேச்சுமாகக் கேட்டார்.

‘நான்’ என்று சொல்லிவிடலாம். அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? நாக்கு நுனிவரை வந்தது. “வீட்ல ஒருத்தி இருக்கா” என்றாள். என்ன புரிந்ததோ, அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

கடைசிப் பெட்டியில் கீழ் வரிசைத் துணிகள் இருந்தன. அவற்றை மாட்ட முழங்கால் போட்டு உட்கார வேண்டும். துணிச் சுருளை எடுக்கப் போனவளின் கையில் முதலில் பட்டது ஒரு சின்ன மெத்தை. பட்டறையில் மிஞ்சிய பஞ்சை உள்ளே வைத்து, பழைய துணியால் மூடி, கோணல்மாணலாகத் தைத்திருந்தது. சின்னவளின் தையல். பெரியவளுக்கு இடது முழங்கால் வலி உண்டு. அதை அவள் பட்டறையில் யாரிடமும் சொன்னதில்லை.

மெத்தையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதையுமா யோசித்திருப்பாள்? தையல் மட்டும் கேவலம் என்று ஒரு ஆறுதல். அதன் மேல் முழங்காலைப் போட்டு, கடைசித் துணியை மாட்டி முடித்தாள்.

மறுநாள் விளக்குகள் எரிந்தன. ஜனங்கள் வந்தார்கள். நீலச் சுவர் தண்ணீர் மாதிரி நின்றது. இந்தத் தடவை தட்டினால் சத்தம் வராது, ஆனால் நிற்கும். ஒரு பெண்மணி அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட காட்சி இதுதான். பெரியவள் ஒரு ஓரமாக நின்று கண் நிறையப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு சட்டமும் எந்தப் பெட்டியில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதே நினைவுக்கு வந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தாள். வீட்டுக்காரர் எடுப்பார் என்று பார்த்தால் எடுத்தது ஓரகத்தி. கீழே ஏதோ கொடுக்க வந்திருந்தாளாம்.

“எல்லாம் சரியா இருந்துச்சாக்கா?”

“இருந்துச்சு” என்றாள் பெரியவள். அப்படியே விட மனசு வரவில்லை. “ஆலன் கீயைத்தான் தேடித் தேடி உயிர் போச்சு.”



“மேலயே கயித்துல கட்டித்தானே வெச்சேன்” என்றாள் சின்னவள். “பரவாயில்லக்கா. அடுத்த ஊருக்கு நானும் வரேன்னு முதலாளிகிட்ட கேட்டுப் பாக்கறேன். கூட நின்னு எடுத்துக் குடுக்க.”