கடலில் எறிந்த புதுப் போன்

வியூஸ் அள்ளலாம் என்று, காசிமேடு துறைமுகத்தில் என் விலை உயர்ந்த புதுப் போனைக் கடலில் எறிந்து வீடியோ எடுத்தோம். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன், கைதவறி விழுந்ததென்று நினைத்துவிட்டார். “பேஜாராவாதே நைனா, இதோ எடுத்தாறேன்!” என்று பின்னாலேயே குதித்தார்.

அங்கே இரண்டு விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. ஆளைக் காணோம். விளையாட்டு வினையாகும் என்பார்களே. விளிம்பில் குனிந்து கத்தினேன். “அண்ணே! அண்ணே!”

ஒருவழியாகத் தலை தெரிந்தது. தோளில் ரத்தம். “இந்தா, சீக்கிரம் தொட. உப்புத்தண்ணி பூந்துகினு கீது,” என்று சிரித்தார். நானேதான் எறிந்தேன் என்பதை மறைத்து, போனை வாங்கிச் சட்டையில் துடைத்தேன்.

“மச்சி, இந்த வீடியோ இன்னும் நல்லா ஓடும்,” என்றான் படம்பிடித்த நண்பன்.

நான் போடவில்லை. யோக்கியன் என்பதால் அல்ல. ஊரே பார்க்கட்டும், அந்த அண்ணன் ஒருவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான்.